கம்பிக்குச் சட்டை போட்ட கொல்லன் மகன்



சென்ற மாதம் சங்க வேலையாகப் பாசிர் கூடாங் பக்கத்திலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தாக் கணக்கு, சம்பளச் சீட்டு விவகாரம் எல்லாம் பேசி முடித்துக் கிளம்புகிற நேரத்தில் கடைசி லயத்து அக்கா ஒருவர் எங்களை மறித்து நிறுத்தினார். மழை பேய்ந்தால் இரும்பு ஜன்னலில் கை வைக்க முடியவில்லை, சுள்ளென்று இழுக்கிறது, பிள்ளைங்களை வெச்சிக்கிட்டு ராத்திரி தூக்கமே வருவதில்லை என்று சொன்னார். உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். அறுபதுகளில் கட்டிய லயம் அது. கூரை ஓரமாக ஓடிய பழைய வயரின் மேல்தோல் வெயிலில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி வெடித்துப்போய், அதன் தூள் கீழே அலமாரியின் மேல் உதிர்ந்து கிடந்தது. உள்ளே செம்புக் கம்பி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அங்கேயே மெயின் சுவிட்சை அடைக்கச் சொல்லிவிட்டு, ஆபீசுக்குப் போய்க் கையோடு ஒரு கடிதமும் கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நமக்கு ஒரு மனிதரின் ஞாபகம்தான். கரண்டு என்றால் என்ன, அதை எப்படிக் கட்டி ஆளுவது என்று உலகத்துக்குக் காட்டியவர். பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். நம்மைப் போல உழைப்பாளி வீட்டுப் பிள்ளை. நமது பால் மரத்துக்கும், நமது ஜொகூர்க் காட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா? மைக்கேல் பாரடே என்பது அவர் பெயர். அவருடைய கதையை இன்று சொல்கிறோம்.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டன் நகரத்தை ஒட்டிய நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார் பாரடே. தகப்பனார் ஜேம்ஸ் ஒரு கொல்லர். ஊரில் பிழைப்பு இல்லாமல் வேலை தேடி லண்டனுக்கு வந்த குடும்பம். அங்கேயும் தகப்பனாரின் உடல்நிலை சரியில்லை. ஒரு நாள் உலைக்களத்துக்குப் போவார், இரண்டு நாள் படுத்துவிடுவார். 1801-இல் தானிய விலை ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்தது. அதைத் துண்டு போட்டு ஏழு நாளைக்கும் வைத்துத் தின்ன வேண்டும். அரிசி பங்கீட்டில் வளர்ந்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

எழுதப் படிக்க, கொஞ்சம் கூட்டல் கழித்தல், அவ்வளவுதான் பள்ளிக்கூடப் படிப்பு. பதின்மூன்றாவது வயதில் ரீபோ என்ற புத்தகக் கடைக்காரரிடம் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. மறு ஆண்டு, 1805-இல், அதே கடையில் புத்தகம் தைத்து அட்டை கட்டுகிற தொழிலைக் கற்றுக்கொள்ள ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். தொழில் பழகப் போகிற பையனின் வீட்டார் முதலாளிக்குப் பணம் கட்டுவது அந்த நாளைய வழக்கம். ரீபோ நல்ல மனிதர். பையனின் விசுவாசத்தைப் பார்த்து ஒரு காசும் வாங்கவில்லை.

மற்றவர்கள் புத்தகத்தின் முதுகைத் தைத்தார்கள். மைக்கேல் அதன் வயிற்றுக்குள் இருந்ததையும் படித்தான். தைக்க வந்த கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை இருந்தது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய இரசாயனப் புத்தகம் ஒன்றும் கைக்கு வந்தது. படித்ததோடு விடாமல், கைச்செலவுக் காசில் சில்லறைச் சாமான் வாங்கிச் சின்னச் சின்னச் சோதனைகள் செய்து பார்த்தான். சாயங்காலங்களில் நடந்த விஞ்ஞானச் சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். கொல்லுப் பட்டறையில் வேலை செய்த அண்ணன் ராபர்ட் அதைக் கொடுத்தான். தம்பி படிப்புக்காக அண்ணன் பால்வெட்டப் போன கதை நம் லயங்களில் எத்தனை எத்தனை!

1812-இல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் அனுமதிச் சீட்டு கொடுத்தார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைப் பாரடே போய்க் கேட்டார். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, சுமார் முந்நூறு பக்கத்துக்கு எழுதி, தம் கையாலேயே அழகாகத் தைத்து டேவிக்கு அனுப்பி வைத்தார். கூடவே வேலை கேட்டு ஒரு கடிதம். சிபாரிசுக்கு ஆளில்லாதவனுக்கு அவன் கைவேலைதான் சிபாரிசு. 1813 மார்ச் 1-ஆம் தேதி வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மேல்மாடியில் இரண்டு அறை, எரிக்கக் கரி, வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி.

அந்த ஆண்டே டேவி தம் மனைவியுடன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். பாரடே உதவியாளராகப் போனார். டேவியின் வேலையாள் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்று சொல்லிவிடவே, அந்த வேலையும் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவியோ இவரை ஒரு மனிதனாகவே மதிக்கவில்லை. வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட வைத்தார். துரை வீட்டுப் பங்களாவில் வேலை பார்த்த நம் பெண்மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாரடேவுக்கு வலித்தது. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் இருந்தது. பொறுத்துக்கொண்டார்.

இனி நமது பால் மரத்துக் கதைக்கு வருவோம். 1824-இல் வாயுக்களைப் பிடித்து வைத்துச் சோதிக்க அவருக்கு ஒரு பை தேவைப்பட்டது. பச்சை ரப்பர்த் தகடு இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, உட்புறம் ஒட்டாமல் இருக்க மாவைத் தடவி, ஓரத்தை மட்டும் அழுத்தினார். ரப்பர் தானாகவே ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் ஊதி விளையாடும் ரப்பர் பலூன் அப்படித்தான் பிறந்தது. 1826-இல் ரப்பரை ஆராய்ந்து, அதில் கார்பன் ஐந்து பங்குக்கு ஹைட்ரஜன் எட்டுப் பங்கு அணுக்கள் இருப்பதைக் கணக்கிட்டுச் சொன்னார். அந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. அப்போது மலாயாவில் ஒரு பால் மரம்கூடக் கிடையாது. பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் இங்கே வந்து சேர்ந்தது 1877-இல்தான். நாம் கோப்பையில் ஏந்திய பாலுக்குள் என்ன இருக்கிறது என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு கொல்லன் மகன் பார்த்துச் சொல்லிவிட்டார்.

1831 ஆகஸ்டு 29-ஆம் நாள் அவர் வாழ்க்கையிலேயே பெரிய நாள். ஆறு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையத்தை எடுத்து, அதன் ஒரு பக்கம் ஒரு செம்புக் கம்பிச் சுருளும் எதிர்ப்பக்கம் இன்னொரு சுருளும் சுற்றினார். இங்கேதான் நாம் சொல்ல வந்த சங்கதி இருக்கிறது. வெறும் கம்பியை அப்படியே சுற்றினால் ஒன்றோடொன்று உரசி, கரண்டு சுருள் வழியே போகாமல் குறுக்கு வழியில் பாய்ந்துவிடும். இன்று கடையில் கிடைக்கிற உறை போட்ட வயர் அன்றைக்கு ஏது? ஆகவே கம்பிச் சுற்றுக்கு நடுவில் சணல் நூலை வைத்தார். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையில் பருத்தித் துணியைச் சுற்றினார். கம்பிக்குச் சட்டை போட்ட மாதிரிதான்! இப்படிச் செய்த முதல் ஆள் அவர் அல்லர் என்றாலும், அந்தத் துணிச்சட்டை இல்லாவிட்டால் அன்றைய சோதனை நடந்திருக்காது. ஒரு சுருளில் கரண்டைக் கொடுத்த கணத்திலும் நிறுத்திய கணத்திலும், அதைத் தொடாமலே இருந்த அடுத்த சுருளில் கரண்டு துள்ளியது. அக்டோபரில், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து இழுத்தாலே மின்சாரம் பிறக்கும் என்று காட்டினார். இன்றைக்கு மின்நிலையத்தில் சுற்றுகிற ஜெனரேட்டரும், கம்பத்தில் தொங்குகிற டிரான்ஸ்பார்மரும் அந்த வளையத்தின் பிள்ளைகள்தாம்.

துணிச்சட்டைக்கு ஒரு பெரிய குறை உண்டு. நனைந்தால் போச்சு. தந்திக் கம்பியைக் கடலுக்கடியில் கொண்டுபோக விரும்பியவர்களுக்குத் தண்ணீர் புகாத சட்டை வேண்டியிருந்தது. அது கிடைத்த இடம் நமது மலாய்க் காடு. தாபான் என்றொரு மரம் உண்டு. அதன் பாலைக் கெத்தா தாபான் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் அதற்குக் கட்டாபெர்ச்சா என்று பெயர் வைத்தார்கள். வெந்நீரில் போட்டால் களிமண்ணாக இளகும், ஆறினால் கட்டியாக இறுகும். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்கு அதில் பிடி போட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் வைத்தியராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843-இல் இதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பி வைத்தார். ஜொகூர்த் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் இந்தப் பால் வியாபாரத்தைக் கைக்குள் வைத்துப் பெரும் செல்வம் சேர்த்தார்.

1848-இல் பாரடே இந்த ஜொகூர்ச் சரக்கைச் சோதித்து ஒரு கட்டுரை எழுதினார். இது மின்சாரத்தை நன்றாகத் தடுத்து நிறுத்துகிறது, ஆனால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இல்லை என்று கண்டார். சில துண்டுகள் கரண்டைக் கசியவிட்டன. காரணம், உள்ளே தங்கிய ஈரம். சூடு காட்டிப் பிசைந்து ஈரத்தைப் போக்கினால் கெட்ட துண்டும் நல்ல துண்டாகிவிட்டது. வெளித்தோற்றத்தை நம்பாதே, சோதித்துப் பார் என்பது இதிலுள்ள பாடம். அதே காலத்தில் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ், கம்பியின்மேல் இந்தப் பிசினைத் தையல் இல்லாமல் பூசும் இயந்திரத்தைச் செய்தார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடித் தந்தி ஓடியது. 1866-இல் அட்லாண்டிக் கடலையே தாண்டி நிலைத்தது. 1870-71-இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் ஒரே தந்தி இணைத்தது. நம் முன்னோர்கள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த அதே கடலின் அடியில், காட்டு மரத்துப் பாலைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு செய்தி ஓடியது.

ஆனால் அந்த மரங்களின் கதி என்ன? பால் மரம் போலக் கோடு கிழித்துத் தினமும் பால் எடுக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்து எடுத்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்ததோ சொற்பம். கொஞ்ச காலத்துக்குள் சிங்கப்பூரைச் சுற்றிலும் தாபான் மரம் அற்றுப்போனது. காட்டுக்குள் போய் வெட்டியவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

இந்த இடத்தில், தொழிலாளிகள் மறக்கக் கூடாத ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 1844 செப்டம்பர் 28-ஆம் நாள் இங்கிலாந்தின் டர்ஹம் வட்டாரத்தில் ஹேஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. ஆடவரும் சிறுவருமாக 95 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டுதான் சுரங்கத் தொழிலாளிகள் பல மாதம் வேலைநிறுத்தம் செய்து தோற்றிருந்தார்கள். தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர் விடாப்பிடியாகக் கேட்டதன்பேரில் அரசாங்கம் பாரடேயையும், லயல் என்ற மண்ணியல் அறிஞரையும் விசாரணைக்கு அனுப்பியது. பாரடே நேரே சுரங்கத்துக்குள் இறங்கினார். காற்று ஓடுகிற வேகத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டார். ஓர் ஆள் ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுவத்திச் சுடரில் தூவிப் புகையைக் காட்டினான். மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றார். மூட்டையில் என்றார்கள். மூட்டை எங்கே என்றார். அவர் உட்கார்ந்திருந்ததே அந்த மூட்டையின் மேல்தான்! பதறி எழுந்து அவர்களின் அஜாக்கிரதையைக் கண்டித்தார்.

வாயு மட்டுமல்ல, காற்றில் பறந்த கரித்தூளும் தீயைப் பரப்பியது என்று அறிக்கை எழுதினார்கள். கெட்ட வாயுவை வெளியே இழுக்க வழியும் சொன்னார்கள். செலவு அதிகம் என்று முதலாளிகள் தட்டிக் கழித்தார்கள். விபத்து மரணம் என்று தீர்ப்பு முடிந்தது. உயிருக்கு விலை போட்டு, மாற்றுச் செலவுக்குக் கணக்குப் பார்க்கிற புத்தி இன்று நேற்று வந்ததல்ல என்பதை இதில் காணலாம்.

1855-இல் தேம்ஸ் நதியின் நாற்றம் பொறுக்காமல், வெள்ளை அட்டைத் துண்டுகளைத் தண்ணீரில் போட்டு அவை எவ்வளவு சீக்கிரம் கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்துப் பத்திரிகைக்கு எழுதினார். 2019 மார்ச்சில் நமது பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறியதையும், 111 பள்ளிகள் மூடப்பட்டதையும் அனுபவித்த நமக்கு அந்த அட்டைத் துண்டின் அருமை தெரியும்.

பாரடே பணம் சேர்க்கவில்லை. சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இரண்டு முறை மறுத்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளுக்கென்றே 19 தொடர் சொற்பொழிவுகள் நடத்தி, ஒரு மெழுகுவத்தியை வைத்தே விஞ்ஞானம் முழுவதையும் சொல்லிக் கொடுத்தார். உயர் கணிதம் அவருக்குக் கடைசி வரை வரவில்லை. அவர் கண்டதைக் கணக்காக்கிக் கொடுத்தவர் மாக்ஸ்வெல். அரசி விக்டோரியா கொடுத்த வீட்டில் கடைசிக் காலத்தைக் கழித்து, 1867 ஆகஸ்டு 25-இல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார்.

அவருக்குப் பின் வீடுகளுக்கு விளக்கு வந்தது. கட்டாபெர்ச்சா கடலடியில் நின்றதே தவிர, காற்றிலும் வெயிலிலும் காய்ந்து வெடித்தது. ஆகவே வீட்டுக் கம்பிக்குக் கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்திய ரப்பரைச் சட்டையாகப் போட்டார்கள். கந்தகம் செம்பைத் தின்னும் என்பதால் கம்பிக்கு ஈயம் பூசினார்கள். நம் பாட்டனார் வெட்டிய பால், உலகமெங்கும் சுவருக்குள் ஓடியது. ஆனால் ரப்பருக்கும் வயசு உண்டு. சூட்டிலும் காலத்திலும் காய்ந்து பொடியாகும். அந்த லயத்தில் நாம் பார்த்தது அதைத்தான். பிறகு 1950, 60-களில் பி.வி.சி. வந்தது. 70 பாகை சூடு வரை தாங்கும், சுலபத்தில் ஈரம் ஏறாது. எரிந்தால் மட்டும் நச்சுப் புகை கக்கும். அதற்கும் மேலே, பாலிஎத்திலீனைக் குறுக்காகப் பிணைத்துச் செய்யும் உறை 90 பாகை தாங்கும். 1977-இல் துறைமுகம் திறந்த பாசிர் கூடாங்கில், பின்னர் 1990-களில் பாலிஎத்திலீன் ஆலையும் எழுந்தது. தாபான் மரம் நின்ற ஜொகூரில் சட்டைத் துணி இப்போது ஆலையில் நெய்யப்படுகிறது என்று சொல்லலாம்.

எந்தச் சட்டையானாலும் அதை எரிப்பது சூடுதான். கம்பியில் ஓடும் கரண்டு இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, தண்ணீர் சூடாக்கும் கருவிக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்று வழக்கமாக வயர் போடுகிறார்கள். ஒரே பிளக்கில் ஐந்து சாமான் மாட்டினால் சுவருக்குள் சட்டை வேகும். நமக்குத் தெரியாது. வீட்டு வயரிங்கில் சிவப்பு கரண்டு வருகிற கம்பி, கறுப்பு திரும்புகிற கம்பி, பச்சை தரைக்கம்பி. மின்விசிறி, அயன்பெட்டியின் வளையும் வயரிலோ பழுப்பு கரண்டு, நீலம் திரும்புவது, பச்சை மஞ்சள் தரை. நிறத்தைப் பார்த்து மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். முன்னால் போட்டவன் மாற்றிப் போட்டிருந்தால்? பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் கொண்டுவரும் மெகர் கருவி 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து வயரின் உறை கசிகிறதா என்று சொல்லிவிடும். பாரடே கையால் பார்த்ததை இன்று கருவி பார்க்கிறது.

தோழர்களே! தோட்டத்து வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பதும், வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. அது தர்மமல்ல, உரிமை. ஹேஸ்வெல் தொழிலாளிகள் கேட்டதால்தான் ஒரு பாரடே சுரங்கத்தில் இறங்கினார். கேட்காமல் யாரும் வரமாட்டார்கள். இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு வயரைத் தொடாமல், டார்ச் அடித்துப் பாருங்கள். தோல் வெடித்திருந்தால், கருகியிருந்தால், சுவிட்சு சுட்டால், ஜன்னல் சுள்ளென்றால் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, வீட்டு நம்பர் போட்டு எழுதித் தேதியுடன் ஆபீசில் கொடுங்கள். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி லயத்துக்கு நாம் கொடுத்த முதல் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. அக்கா வீட்டில் பிள்ளைகள் இப்போது மெழுகுவத்தி வெளிச்சத்தில் படிக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை காலைப் பெரட்டு முடிந்ததும் நாம் மறுபடி அங்கே போகிறோம். வயர் மாறும்வரை போய்க்கொண்டே இருப்போம்.